தார் ரோடு இறங்கும் கரை

திகன
12.02.2023

அன்புத் தம்பி பாயிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னையும் மகள் றிப்தாவையும் புது மருமகனையும் சுகமாக வைத்திருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. காது போனதை நான் குறையாகக் கணக்கெடுப்பதில்லை. இந்த ஊர் பேசுவதில் பாதி காதில் விழாமல் இருப்பதே நல்லது.

நான் போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். என் போன் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. கரையில் ஒரு கல்லை எடுக்கக் குனிந்தேன், ஹபாயாப் பையிலிருந்து அது வழுக்கியது. கல்லைப் பிடிப்பதா போனைப் பிடிப்பதா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டுக் கல்லைப் பிடித்தேன். இனிப் புதிதாக ஒன்று வாங்கப்போவதில்லை. நீ கத்துவாய், எனக்குக் கேட்காது. நான் கத்துவேன், உனக்குப் பிடிக்காது. போனில் பேசி நாம் சண்டை போடாத நாள் எது? எழுதினால் ஆறுதலாகச் சண்டை போடலாம்.

என்ன கல் என்று கேட்பாய். அம்பு முனை. இரும்பைக் காணாத காலத்து மனிதர் வெள்ளைப் படிகக்கல்லில் தட்டி எடுத்தது, நகத்தளவுதான் இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொல்பொருள் ஆராயும் நிரோஷினி இந்தக் கரைகளில் அது கிடக்கும் என்று சொன்னாள். தோண்டக் கூடாது, மேலே கிடப்பதை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்து, இடத்தை அவளுக்குச் சொல்ல வேண்டும். உன் மச்சான் மவுத்தாகி நான் தனியாகி நான்கு வருஷம், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்ந்து இரண்டு வருஷம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் இருந்தால் சுவரோடுதான் பேச வேண்டும். அதனால் கரைக்குப் போகிறேன். சந்திக் கடைக்காரர், "என்ன டீச்சர், மாணிக்கமா தேடுறீங்க? எங்களுக்கும் பங்கு தாங்கொ" என்று கையைக் காட்டிக் காட்டிக் கத்துகிறார்.

றிப்தாவின் கலியாணத்துக்கு வர முழங்கால் விடவில்லை. மனம் வருத்தம்தான். நீ கட்டிய பெரிய வீட்டில் இப்போது மருமகனும் கூட. ராஜா மாதிரி இருப்பாய். பதில் போடு.

துஆவுடன் உன் ராத்தா,
கைரியா

~

நிந்தவூர்
05.03.2023

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கண்டு சந்தோஷம். உங்கள் முழங்காலுக்கு அல்லாஹ் சுகத்தைத் தரட்டும். எனக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் ஒரு மட்டில் நிற்கின்றன.

போனைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்தவர் கண்டி மாவட்டத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்தக் கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதுங்கள். இங்கேயும் குளங்கள் இருக்கின்றன. எனக்கும் நேரம் நிறைய இருக்கிறது.

ராஜா என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், வீடு பெண் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருப்பார். வீடு இப்போது றிப்தாவுடையது. மருமகன் ஹுதைபா தங்கமான பிள்ளை. அதுதான் கரைச்சல். நான் ஹோலுக்குள் போனால் கதிரையிலிருந்து எழும்பிவிடுவார். "இரிங்க மகன்" என்றால், "நீங்க இரிங்க மாமா" என்பார். நான் இருந்தாலும் அவர் இருக்கமாட்டார். டீவியை நிறுத்திவிட்டு நிற்பார். சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான், நான் கை கழுவும்வரை அவருக்குச் சோறு இறங்காது. இப்போது ஒவ்வோர் அறைக்குள்ளும் இருமிக்கொண்டு போகப் பழகியிருக்கிறேன். றிப்தாவின் உம்மா றம்ஸியா உயிரோடு இருந்திருந்தால் குசினியில் அவள் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். அவள் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம்.

உங்கள் வீட்டில் அந்தப் பக்கத்து அறை இன்னும் சும்மாதான் கிடக்கிறதா? சும்மா கேட்டேன்.

என்றும் உங்கள் தம்பி,
பாயிஸ்

~

திகன
19.03.2023

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வருகிறது. சீனிக்காரன் நீ, டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடித்துவிட்டு மயங்கி விழாதே.

மருமகன் எழும்பி நிற்கிறாரா? கொடுத்து வைத்தவன் நீ. இந்தக் காலத்தில் மாமாவைக் கண்டு காலை மடக்கிற பிள்ளைகூட இல்லை. அதற்கும் ஒரு முறைப்பாடு!

பக்கத்து அறையில் மச்சானின் அலுமாரியும் என் பழைய பள்ளிக்கூடப் பெட்டிகளும் கிடக்கின்றன. அதை ஏன் கேட்டாய்? அறை என்றதும் நினைவு வந்தது, மடவளை மாமி மகன் முஹைதீனின் கதை தெரியுமா? கடையை மகனிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு போய்த் தன் ராத்தா வீட்டில் இருக்கிறான். ராத்தா வீட்டில் ஒட்டிக்கொண்ட தம்பி என்று கடைத்தெருவே சிரிக்கிறது. ஆம்பளைக்கு அதைவிட வெட்கம் உண்டா? வாப்பா பெற்ற நம் இருவரையும் அல்லாஹ் அந்த நிலைக்கு விடவில்லை.

கல்லுக்கு வருவோம். முதலில் நேரம். வெயில் சாய்ந்திருக்க வேண்டும். சூரியனைப் பார்த்தபடி நட. கல் சில்லின் கூர் விளிம்பு மட்டும் மினுங்கும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் ஒன்றுதான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விசேஷம், மண் கழுவுண்டு கல் மேலே நிற்கும். தட்டிய கல்லென்றால் அடி விழுந்த இடம் சின்னதாகப் புடைத்திருக்கும், அதைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருக்கும். கண் பழக ஒரு மாதம் எடுக்கும். எனக்கு மூன்று மாதம் எடுத்தது, அதை யாரிடமும் சொல்லாதே.

நோன்பில் எனக்கும் துஆக் கேள்.
கைரியா

~

நிந்தவூர்
27.04.2023

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? தனியாகவா வட்டிலப்பம் அவித்தீர்கள்? பதில் எழுதப் பிந்திவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முஹைதீனின் கதையை வாசித்துச் சிரித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நானும் கரைகளில் நடக்கத் தொடங்கிவிட்டேன். இன்னும் ஒரு முனையும் கிடைக்கவில்லை. எந்த மாதிரி இடத்தில் தேடுவது என்று விளக்கமாக எழுதுங்கள். ஒரு நாள் முழுக்க இருக்கக்கூடிய இடமாக இருந்தால் நல்லது. பகலில் நிழல் இருக்க வேண்டும். வுளூச் செய்யத் தண்ணீரும், தொழப் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் வசதி. போவோர் வருவோர் நின்று, ஆர், எவடம் என்று கேட்காத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

இனிமேல் கடிதத்தை என் கூட்டாளி பவாஸின் கருவாட்டுக் கடைக்குப் போடுங்கள். எங்கள் ஒழுங்கைக்குத் தபால்காரர் ஒழுங்காக வருவதில்லை. அவனுடைய கடை பஸாரில்தான், கண்டிவரைக்கும் கருவாட்டு லொறி ஓட்டுகிற கடை, என் கைக்கு வந்து சேரும். கொஞ்சம் சுணங்கினாலும் யோசிக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாயிஸ்

~

திகன
14.05.2023

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வட்டிலப்பம் அவித்தேன், பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், மீதியை மூன்று நாளாகத் தின்றேன். பெருநாள் அவ்வளவுதான்.

உன் கேள்வியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தெரிந்தோ தெரியாமலோ சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாய். கல்லைத் தேடாதே, அந்த மனிதன் எங்கே இருந்திருப்பான் என்று தேடு. அவனுக்கும் நீ கேட்டதுதான் வேண்டும். தண்ணீர் கிட்ட இருக்க வேண்டும், ஆனால் வெள்ளம் ஏறாத மேடாக இருக்க வேண்டும். பின்னேர வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது. வருகிற ஆளை அவன் முதலில் காண வேண்டும். ஓடையொன்று வந்து பெரிய தண்ணீரில் சேரும் மூலையில் அப்படி ஒரு சின்ன மேடு இருந்தால் போய்ப் பார். ஒரே மாதிரியான வெள்ளைச் சில்லுகள் ஓரிடத்தில் சிதறிக் கிடந்தால், அங்கே ஒருவன் காலை நீட்டி இருந்து வேலை செய்திருக்கிறான். நான் அப்படி ஓரிடத்தில் போய் இருந்து பார்த்தேன். தனியாக இருப்பது போலவே தெரியவில்லை. சிரிக்காதே.

நாள் முழுக்க வெயிலில் அலையாதே. உனக்கென்ன, வீடு இல்லையா?

உன் ராத்தா,
கைரியா

~

நிந்தவூர்
03.07.2023

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். இவ்வளவு நாள் எழுதாததற்கு ஏசுவீர்கள், ஏசுங்கள். கொஞ்சம் காய்ச்சலாக இருந்தது, இப்போது சுகம்.

நீங்கள் எழுதிய மாதிரியே ஓர் இடம் கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்துக் குளமொன்றின் கரை. ஓடை வந்து சேரும் மூலையில் மேடு, மேட்டில் பெரிய மருத மரம். பின்னேரம் மூன்று மணிக்குமேல் முழு நிழல். பாங்கு சொல்வது கேட்கும் தூரத்தில் பள்ளிவாசல். மரத்தடியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய தார் ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. தண்ணீர் வற்ற வற்ற ரோடு நீண்டுகொண்டே வருகிறது. போன கிழமை ஒரு வீட்டின் படிக்கட்டும் வெளியே வந்தது. வீடு இல்லை, படிக்கட்டு மட்டும்.

முனையும் கிடைத்துவிட்டது ராத்தா! ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் சவர அலகு போலக் கூர். விரலில் கீறியும் விட்டது. நீங்கள் சொன்னபடி அங்கேயே வைத்துவிட்டேன். காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள்தான் இல்லை.

காலையில் வந்தால் மஃரிபு வரைக்கும் இருக்கிறேன். இங்கே நான் வந்து இருந்தால் எவரும் எழும்புவதில்லை. அதுவே பெரிய ஆறுதல்.

றிப்தா சுகம். ஸலாம் சொல்லச் சொன்னாள்.

பாயிஸ்

~

நிந்தவூர்
08.08.2023

அன்பும் மரியாதையும் நிறைந்த கண்டி மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வாப்பாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உங்களுக்கு போன் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நான் உண்டாகியிருக்கிறேன் மாமி. மூன்று மாதம். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்கள் நேரில் சொல்லி அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

நோன்புப் பெருநாளைக்கு மறுநாள், "ராத்தா தனிய கிடக்கிறா, கொஞ்ச நாள் போய் இருந்திட்டு வாறன்" என்று வாப்பா உங்களிடம் புறப்பட்டு வந்தார். மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. அவர் போன் எடுக்கும்போதெல்லாம் உங்கள் சமையலைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்து அறையை அவருக்காகத் துப்புரவாக்கிக் கொடுத்தீர்களாம், இரண்டு பேரும் சேர்ந்து கல் தேடுகிறீர்களாம். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனாலும் இவர், "நான் ஏதும் பிழ விட்டுட்டனா றிப்தா? மாமா ஏன் வாறார் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கள்மேல் ஏதும் கோபமா என்று நைசாகக் கேட்டு எழுதுங்கள் மாமி.

இத்துடன் வாப்பாவுக்கு இரண்டு சாரன் அனுப்பியிருக்கிறேன். கொண்டுபோனவை பழசு.

அன்பு மருமகள்,
றிப்தா

~

திகன
14.08.2023

அன்பு மகள் றிப்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ எழுதிய செய்தியை வாசித்து இரண்டு றக்அத் தொழுதேன். பாரம் தூக்காதே, பப்பாசி தின்னாதே, டொக்டர் சொல்வதைக் கேள்.

வாப்பா நல்ல சுகம். உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. மருமகன் ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொல். நான் இதை எழுதும் நேரத்தில் உன் வாப்பா குளக்கரையில் இருக்கிறார். பார்சல் கிடைத்தது. சாரனைக் கொடுக்கிறேன், செய்தியையும் நானே சொல்கிறேன்.

உன் மாமி,
கைரியா

~

திகன
27.08.2023

தம்பி பவாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களையும் குடும்பத்தையும் அல்லாஹ் நல்லபடியாக வைக்கட்டும். நான் பாயிஸின் ராத்தா. நாம் ஒருவரையொருவர் கண்டதில்லை, ஆனால் என் கடிதங்கள் உங்கள் கை வழியாகத்தான் போய் வந்திருக்கின்றன.

என் தம்பி நிந்தவூரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். மகளிடம் என்னோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறான், என்னிடம் மகளோடு இருப்பதாக எழுதுகிறான். றிப்தாவின் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை. பிறகு அவனுடைய கடைசிக் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். தார் ரோடு ஒன்று தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது என்று எழுதியிருக்கிறான். எந்தக் குளத்தில் தம்பி தார் ரோடு இருக்கிறது? எங்கள் விக்டோரியாவில் இருக்கிறது. அணை கட்டியபோது தண்ணீருக்கடியில் போன பழைய தெல்தெனிய டவுனின் ரோடு அது, கடும் வறட்சியில் மட்டும் தலைகாட்டும். உங்கள் கருவாட்டு லொறி கண்டிக்கு வரும் பாதையும் தெல்தெனிய வழியாகத்தான். வேறு யாரையும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அவன் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது, ஓடை, மேடு, மருத மரம். ஆளும் இருந்தான். மெலிந்திருக்கிறான். பத்திரிகைத் தாளை விரித்து, பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தான். ஜும்ஆவுக்கு உடுத்த சட்டை தோளில் பிய்ந்திருந்தது. நானே அவனுக்கு இடம் சொல்லிக்கொடுத்தேன் தம்பி. நிழலும் தண்ணீரும் பள்ளிவாசலும் எதற்குக் கேட்கிறான் என்று ஒரு தடவைகூட யோசிக்காமல், கெட்டிக்காரத்தனமாகப் பாடம் எழுதி அனுப்பினேன்.

கூப்பிடு தூரம்தான். கூப்பிடவில்லை. பிடிபட்டவன் மாதிரி அவன் எழும்பி நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதற்குப் பயந்துதானே வீட்டை விட்டு வந்திருக்கிறான். பற்றைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் அழுதேன்.

இரவில் எங்கே படுக்கிறான் என்று நான் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். இத்துடன் அவனுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. எப்போதும் போல லொறியில் கொடுத்துவிடுங்கள். நான் கண்டதைச் சொல்லாதீர்கள். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்தான் இருக்கிறது, இந்தக் கடிதம் நிந்தவூர்க் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். பரவாயில்லை, அவன் கேட்ட மரியாதை அது.

இத்தனை நாளும் அவனைக் கைவிடாததற்கு உங்களுக்கு நற்கூலி கிடைக்கட்டும்.

கைரியா

~

திகன
27.08.2023

அன்புத் தம்பி பாயிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நிந்தவூரில் எல்லாரும் சுகமா? எனக்குச் சுகமில்லை. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இரவில் யாராவது கதவை உடைத்தாலும் எனக்குக் கேட்காது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கேட்காது. தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கரைக்குப் போனாலும் முழங்கால் இறங்க விடுகிறது, ஏற விடுவதில்லை.

பக்கத்து அறையை ஒதுக்கிவிட்டேன். பெட்டிகளை நிரோஷினி வந்து எடுத்துப்போனாள். மச்சானின் அலுமாரி காலியாக இருக்கிறது. யன்னலுக்குப் புதுத் துணி போட்டேன். நீ அந்த வீட்டையும் மகளையும் விட்டுவிட்டு வருவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். எனக்காக வந்து இரு. கொஞ்ச நாளைக்கு அல்ல, வந்து இரு.

முஹைதீனைப் பற்றி நான் எழுதியது என் வாய்க்கொழுப்பு. அவனுடைய ராத்தாவைப் போன கிழமை கண்டேன். வீட்டில் கதைக்க ஆள் இருக்கிறது என்று முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பொறாமையாகப் போய்விட்டது.

உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நேரில்தான் சொல்வேன்.

வழி பார்க்கும்,
ராத்தா

~

தெல்தெனிய
06.09.2023

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மேலே ஊரின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இனி நிந்தவூர் என்று எழுத எனக்கு மனமில்லை. உங்கள் கடிதத்தைப் பவாஸ் நேற்று லொறியில் கொண்டுவந்து தந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை.

இங்கே ஒரு மர டிப்போவில் இரவுக் காவல் பார்க்கிறேன். விடிந்ததும் அறையைப் பகல் ஆட்களுக்கு விட வேண்டும். அதனால்தான் இருக்க ஓர் இடம் கேட்டு எழுதினேன். றிப்தாவும் மருமகனும் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னால்தான் இருக்க முடியவில்லை. உங்களிடம் வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பற்றைக்குப் பின்னால் உங்கள் குடையைக் கண்டேன். வருகிற ஆளை முதலில் காணும் இடம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். பாணைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். நீங்கள் திரும்பி நடந்தபோது இரண்டு தரம் ராத்தா என்று கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை. எழும்பி ஓடி வந்திருக்கலாம். எழும்பவில்லை.

பகல் காவலாளியிடம் சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் கதவைத் தட்டினாலும் உங்களுக்குக் கேட்காது. திறந்து வையுங்கள்.

உங்கள் தம்பி,
பாயிஸ்